ஸ்பிளிட் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா?

உள்ளே மாட்டியிருக்கும் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வழிகிறது என்றால் உடனே கேஸ் நிரப்பச் சொல்லிப் பணம் கொடுத்துவிடாதீர்கள், பெரும்பாலும் காரணம் அழுக்குப் பிடித்த ஃபில்டரோ அடைத்துப்போன வடிகால் குழாயோதான். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு முன்மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றுங்கள். தூசி படிந்த பக்கத்துக்குப் பின்புறமிருந்து தண்ணீர் பாய்கிற மாதிரி குழாயில் காட்டிக் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். கோடையில் தினமும் ஓடுகிற ஏசிக்கு 2 வாரத்துக்கு ஒருமுறை இது கட்டாயம் வேண்டும். தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து உள்ளே இருக்கும் காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) ஐஸ் கட்டும், அணைத்ததும் அது உருகி ஒழுகும்.

அப்புறம் வெளியே வரும் வடிகால் குழாயைப் பாருங்கள். புழுக்கமான நாளில் வெகுநேரம் ஓடியும் நுனியில் சொட்டுத் தண்ணீர் வரவில்லையென்றால் அடைப்புதான். நுனி வாளித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் சரியாக வடியாது, செடிக்கு ஊற்றலாம் என்று வாளி வைக்கிறவர்கள் (நல்ல பழக்கம்தான்) இதைக் கவனிப்பதில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஐஸ் கட்டுகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கேஸ் குறைந்திருந்தால் கசிவை அடைத்த பிறகே நிரப்பச் சொல்லுங்கள்.