உப்புக்காற்று வீசும் ஊர்களில் பவர் ஸ்டீயரிங்கைச் சோதிக்கும் முறை

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி எனக் கடலை ஒட்டிய ஊர்களில் ஓடும் காரில் ஸ்டீயரிங் கனமாகத் திரும்பத் தொடங்கியதும், ரேக்கையே (ஸ்டீயரிங்கின் சுழற்சியை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டப் பாகம்) மாற்றிவிட வேண்டும் என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். ரேக் விலை கூடிய பாகம். பழுதோ அதற்கு வெளியே, உப்பு அரித்த ஓர் எர்த் இணைப்பிலோ (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) பம்பை ஓட்டும் பெல்ட்டின் தளர்விலோ இருக்கக்கூடும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் சோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் முன் டயர்களின் காற்றைச் சரிபாருங்கள். பிறகு சமதரையில் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, எஞ்சினை அணைத்த நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்புங்கள். சக்கரங்கள் தரையில் படாதபோதும் அது ஓரிடத்தில் இறுகினால், ஸ்டீயரிங் தண்டின் ஜாயிண்டோ பால் ஜாயிண்டோ துருப்பிடித்திருக்கலாம். அந்தக் காரைச் சரிசெய்யாமல் சாலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பா உள்ள வண்டி ஹைட்ராலிக் வகை, அதாவது ஒரு பம்ப் ஆயிலை அழுத்தி ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் வகை. ஆயிலில் நுரை இருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது. கறுத்துக் கருகல் வாடை வந்தால் ஆயில் கெட்டுவிட்டது. வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட ஆயிலைத் தவிர வேறெதையும், குறிப்பாக பிரேக் ஆயிலை, ஊற்றக் கூடாது. இரும்புக் குழாய்களைக் கிளாம்ப் பிடித்திருக்கும் இடங்களில் விளக்கடித்துப் பாருங்கள். உப்பீரம் தங்கி அரிப்பது அங்கேதான். ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கியிருந்தால், ரேக்கின் சீல் போய்விட்டது என்பது உறுதி.

கசிவு ஏதுமின்றியும் ஸ்டீயரிங் கனமாக இருந்தால், அழுத்தமானியை அதன் வால்வுடன் பம்புக்கும் அழுத்த ஹோஸுக்கும் இடையே பொருத்தச் சொல்லுங்கள். ஆயில் சூடேறிய பின், எஞ்சின் ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது வால்வை மூடி, ஐந்து விநாடிக்குள் திறந்துவிட வேண்டும். அதற்கு மேல் மூடிவைத்தால் பம்ப் பழுதாகும். மூடியபோது கையேட்டில் உள்ள அழுத்தம் வரவில்லையென்றால் குறை பம்பில் இருக்கிறது. மூடும்போது வந்த அழுத்தம், வால்வைத் திறந்து ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடிக்கும்போது வராவிட்டால், ஆயில் ரேக்குக்குள்ளேயே கசிகிறது. பம்பா ரேக்கா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தரும் சோதனை கிடையாது.

ஆயில் டப்பா இல்லாத இன்றைய கார்கள் பெரும்பாலும் மின்மோட்டார் வகை. இவற்றில் பேட்டரியிலிருந்து தொடங்குவதே முறை: முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் இருக்க வேண்டும். அடுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றை ஸ்டீயரிங் கண்ட்ரோல் யூனிட்டின் எர்த்திலும் வைத்து, எஞ்சின் ஓட, ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த இணைப்பைக் கழற்றி, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் உப்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, இறுக்கிய பின் மேலே வாசலின் பூச வேண்டும். வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் பழைய பழுதுக் குறியீடுகளைக் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, மறுபடியும் வருபவற்றை மட்டும் கணக்கில் எடுங்கள். நெடுநேரம் நின்ற இடத்திலேயே திருப்பியதால் கனத்து, சிறிது நேரம் ஆறவிட்டதும் சரியானால், மோட்டார் சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொண்டது என்று பொருள்.

ஓட்டிப் பார்ப்பதற்குப் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி சாலையும் ஏற்றவை அல்ல. அங்கே பக்கவாட்டில் வீசும் கடற்காற்று வண்டியைத் தள்ளுவது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதுபோலவே தோன்றும். ஒதுக்கமான நேர்ச்சாலையில் இரு திசையிலும் ஓட்டுங்கள்: திரும்பி வரும்போது இழுப்பும் பக்கம் மாறினால் காரணம் காற்று, எத்திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால் வீல் அலைன்மெண்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.