கடை வைத்திருந்தார் என்றால் ‘வாஸ் ஹேவிங்’ இல்லை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பில் நின்று, வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான் என்னிடம் படித்த பையன். வளவு, பட்டாலை என்று வீட்டின் பகுதிகள், பர்மாத் தேக்குத் தூண் எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது. அப்புறம் வீட்டுக்காரர் கதைக்கு வந்தான். “ஹிஸ் கிராண்ட்ஃபாதர் வாஸ் ஹேவிங் எ ஷாப் இன் ரங்கூன்.” வந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் உறுத்தியது. காரைக்குடியில் மாலை வகுப்பு எடுக்கிற எனக்குத் திருத்தித் திருத்திக் கை வலித்த தவறு அது.

பையனுக்கு இலக்கணம் தெரியும். பாஸ்ட் கன்டினியுவஸ் என்றால் வாஸ் அல்லது வேர், அடுத்து ஐஎன்ஜி ஒட்டிய வினை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அவனைக் கவிழ்த்தது தமிழில் இருக்கிற ‘இரு’. ‘கடை வைத்திருந்தார்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறான். ‘இருந்தார்’ காதில் விழுந்த உடனே வாய் வாஸ் போட்டுவிடுகிறது, ‘வைத்து’ ஹேவிங் ஆகிவிடுகிறது. ‘எனக்குத் தெரிந்திருந்தது’ என்பதை ‘ஐ வாஸ் நோயிங்’ என்பதும் இதே வழியில் வருவதுதான்.

ஒருவரிடம் ஒன்று இருப்பது, ஒன்று தெரிந்திருப்பது, பிடித்திருப்பது, ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது எல்லாம் நிலைமைகள். அங்கே வேலை எதுவும் நடக்கவில்லை. அதனால் ஹேவ், நோ, லைக், பிலாங் போன்றவற்றுக்கு ஐஎன்ஜி வேண்டாம்: ‘ஹி ஹேட் எ ஷாப்.’ முடிந்தது. அதே ஹேவ் சாப்பிடுகிற அர்த்தத்தில் வந்தால் அது வேலை. ‘தே வேர் ஹேவிங் லஞ்ச்’ என்று தாராளமாகச் சொல்லலாம். கடை நடத்துவதும் வேலைதான். ரங்கூனில் 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் அல்லவா? ‘ஹி வாஸ் ரன்னிங் எ ஷாப் இன் ரங்கூன் வென் தி பாம்ப்ஸ் ஃபெல்.’ கடை ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் குண்டு விழுகிறது. இந்த இடத்துக்காகவே பிறந்தது இந்த டென்ஸ்.

வகுப்பில் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அந்த நேரத்தில் ஒரு போட்டோ எடுத்திருந்தால், வேலை பாதியில் நிற்பது தெரியுமா? தெரியும் என்றால் வாஸ், ஐஎன்ஜி. இல்லை என்றால் வேண்டாம்.

ஒரு முறை பிள்ளைகளை ஆத்தங்குடிக்கு அழைத்துப் போனேன், தரைக்குப் போடுகிற பூக்கல் செய்வதைப் பார்க்க. மறுநாள் எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் இப்படி எழுதியிருந்தார்கள்: ‘யெஸ்டர்டே வி வேர் கோயிங் டு ஆத்தங்குடி. வி வேர் சீயிங் தி டைல்ஸ். எ மேன் வாஸ் போரிங் கலர் ஆன் எ கிளாஸ் பிளேட்.’ மூன்றில் கடைசி ஒன்றுதான் சரி. போனோம், பார்த்தோம், முடிந்த காரியங்கள். ‘வி வென்ட்’, ‘வி சா’ போதும். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அந்த மனிதர் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கண்ணிக்குக் கண்ணி கலர் சிமெண்டை ஊற்றிக்கொண்டிருந்தார். பச்சை முடிந்து சிவப்புக்குப் போகிற நேரம். போட்டோ எடுத்தால் பாதிப் பூதான் தெரியும். அதுதான் ‘வாஸ் போரிங்’. எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுச் சிரித்தார்: ‘ஹி ஸ்டாப்ட் அண்ட் ஸ்மைல்ட்.’ அதற்கு வாஸ் கிடையாது.

இன்னொருத்தன் ‘தி டைல்ஸ் வேர் மேக்கிங்’ என்று எழுதியிருந்தான். கல்லே உட்கார்ந்து எதையோ செய்துகொண்டிருந்தது என்று அர்த்தமாகிவிடும். ‘தி டைல்ஸ் வேர் பீயிங் மேட்’ என்று வர வேண்டும். அந்த ‘பீயிங்’கை நம்மவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

பழக்கத்தைச் சொல்லும்போதும் தமிழ் காலை வாரும். ‘அந்தக் காலத்தில் பர்மாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்’ என்கிறோம். வருஷா வருஷம் போய் வந்த வழக்கம் அது. ‘தே வேர் கோயிங் டு பர்மா’ என்றால் கேட்கிறவர் மனசில் நடுக்கடலில் ஒரே ஒரு கப்பல் நிற்கும். ‘தே யூஸ்ட் டு கோ டு பர்மா’ என்று சொல்லுங்கள்.

வென் போட்டு இரண்டு காரியத்தைச் சேர்க்கிறபோது டென்ஸ் மாறினால் கதையே மாறும். காலையில் பல்லவன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறீர்கள். ‘வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெய்ன் வாஸ் லீவிங்’ என்றால் வண்டி நகர்கிறது, ஓடினால் கடைசிப் பெட்டி கிடைக்கலாம். ‘தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்’ என்றால் வீட்டுக்குத் திரும்பிக் காப்பி குடிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ‘தி ட்ரெய்ன் லெஃப்ட்’ என்று சொன்னால், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கிளம்பியது போல இருக்கும்.

வாஸ், வேர் குழப்பத்தில் எனக்குப் பிடித்த தவறு ஒன்று உண்டு. ஒரு பெண், ‘மை ஃபாதர் வேர் டாக்கிங் ஆன் தி ஃபோன்’ என்றாள். ஏன் வேர் என்று கேட்டேன். “அப்பச்சி பேசிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே சார் சொல்வோம், வாஸ் போட மனசு வரவில்லை” என்றாள். என்ன சொல்வது! ஆங்கிலத்தில் அப்பச்சியும் ஒருமை, ஆச்சியும் ஒருமை, ‘வாஸ்’தான். ஆனால் ‘யூ’ வந்தால் மூன்று வயசுக் குழந்தையாக இருந்தாலும் ‘வேர்’. அதே போல, எல்லோரும் என்பது நமக்குப் பன்மை, அங்கே ‘எவ்ரிபடி வாஸ் வெயிட்டிங்’. ‘பீப்பிள்’ மட்டும் ‘வேர்’.

கேள்வி கேட்கும்போது ‘வாட் யூ வேர் டூயிங்?’ என்று வரும். தமிழில் சொல்லை இடம் மாற்றாமலே கேள்வி கேட்கலாம், அங்கே முடியாது. ‘வாட் வேர் யூ டூயிங்?’

ஸ்பெல்லிங்கில் அதிகம் பயப்பட ஒன்றுமில்லை. ‘ஸ்டாப்பிங்’கில் பி இரண்டு, ‘ரைட்டிங்’கில் கடைசி ஈ போய்விடும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை வைத்து ஒரு மாணவி பத்தி எழுதினாள். நூலுக்குச் சாயம் போடுகிற ‘டையிங்’கில் ஒய்க்குப் பிறகு அந்த ஈ இருக்க வேண்டும். அவள் அதை விட்டுவிட்டாள். நெசவாளர்கள் எல்லோரும் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக, ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு. விருந்தாளி ஒருவர் வந்து, ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் வி குட் ஹேவ் டின்னர் எர்லி’ என்றாராம். நேற்று ஏதோ யோசித்திருக்கிறார், இன்று தேவையில்லை போல என்று விட்டுவிட்டான் நம்ம பையன். ராத்திரி ஏழு மணிக்கு அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார், அடுப்பே பற்ற வைக்கவில்லை. அந்த ‘வாஸ்’ மரியாதைக்கு வருவது. அவர் கேட்டது அன்றைய சாப்பாட்டை. “உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன்” என்று நாம் இழுப்பதில்லையா, அதேதான்.