கார் பீடிங்கில் விழுந்த கீறலை எடுப்பது: எந்த உலோகத்தை எதுவரை தேய்க்கலாம்

உலோகத்தில் விழுந்த கீறலை யாரும் நிரப்புவதில்லை. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்குச் சுற்றியுள்ள உலோகத்தைத் தேய்த்து இறக்குகிறோம். மேடும் பள்ளமும் சமமானதும் கீறல் மறைந்துவிடுகிறது. ஆகவே பொலிஷ் டியூபைத் திறப்பதற்கு முன்னர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இறக்குவதற்கு அங்கே எவ்வளவு உலோகம் இருக்கிறது?

கண்ணாடியைச் சுற்றி ஓடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பீடிங் (அலங்காரப் பட்டி) பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் தடிப்பு, மேலிருந்து கீழ்வரை ஒரே உலோகம். பழைய பம்பரின் மேலுள்ள குரோம் பொதுவாக ஒரு மைக்ரோன்கூட இல்லை, அதாவது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அனடைஸ் செய்த, அதாவது மின்சார முறையில் கடினமான ஒக்சைட் படலம் ஏற்றிய, அலுமினியத்தின் மேற்படலம் ஏறக்குறைய 5 முதல் 15 மைக்ரோன். மூன்றும் வெயிலில் ஒரே மாதிரித்தான் மின்னும். ஆனால் முதலாவதை வோட்டர் பேப்பர் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மணல் தாள்) போட்டுத் தேய்க்கலாம். மற்ற இரண்டையும் அப்படித் தேய்த்தால் பீடிங்கே பழுதாகிவிடும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் கொழும்பில் பழைய கார்களைப் பேணி ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரிஜினல் பீடிங் ஒன்று பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினாலும் எல்லா மொடலுக்கும் கிடைப்பதில்லை. இருப்பதைக் கெடுக்காமல் சரிசெய்வது நல்லது.

முதலில் உலோகத்தை அடையாளம் காணுங்கள்

காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ் என்று பலர் சொல்வார்கள். வாகன பீடிங்குக்கு இந்தக் கணக்கு சரிவராது. பீடிங்குக்கு அதிகம் பாவிக்கப்படும் 430 ரக ஸ்டெயின்லெஸில் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஒட்டாதது பாத்திரங்களில் வரும் 304 ரகம். எனவே காந்தம் ஒட்டினால் பீடிங்கின் பின்பக்கத்தையும் வெட்டு விளிம்பையும் பாருங்கள். பின்பக்கம் துருவேறி, முன்பக்கத்தில் சிறு சிறு பழுப்புப் புள்ளிகள் கிளம்பியிருந்தால் அது குரோம் பூசிய இரும்பு. இரண்டு பக்கமும் ஒரே நிறமாக, துரு இல்லாமல் இருந்தால் ஸ்டெயின்லெஸ்.

காந்தம் ஒட்டாவிட்டால் நகத்தால் தட்டுங்கள். மொத்தையான சத்தம் வந்து, தொட்டால் குளிர்ச்சியும் தெரியாவிட்டால் அது குரோம் பூசிய பிளாஸ்டிக். இன்றைய ஜப்பான் கார்களின் கிரில், கதவுக் கைபிடி, பின்கதவுப் பட்டி எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். பழைய கார்களின் கைபிடியும் எம்பிளமும் பாரமாக இருந்து, மேலே கொப்புளம் போட்டிருந்தால் அவை குரோம் பூசிய நாக (துத்தநாக) வார்ப்பு.

அலுமினியம் எடை குறைந்தது, நிறம் கொஞ்சம் வெண்மை. ஐரோப்பியக் கார்களின் ஜன்னல் பீடிங்கும் கூரைக் கம்பியும் பெரும்பாலும் அனடைஸ் செய்த அலுமினியம். இதை உறுதிப்படுத்த மல்டிமீற்றர் போதும். பஸ்ஸர் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் மெல்லத் தொடவையுங்கள். அனடைஸ் படலம் மின்சாரம் கடத்தாது, அதனால் சத்தம் வராது. வெறும் அலுமினியம் என்றால் உடனே சத்தமிடும். அழுத்திக் குத்தவேண்டாம், முனை படலத்தைத் துளைத்துப் பொய்ச் செய்தி சொல்லும்.

இன்னொரு சோதனை: கண்ணில் படாத மூலையில் வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பொலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெறும் அலுமினியத்தில் துணி உடனே கறுத்துவிடும். அழுக்கைத் துடைத்த பிறகும் துணி வெள்ளையாகவே இருந்தால் மேலே ஏதோ ஒரு படலம் இருக்கிறது.

குரோம் என்றால்

குரோம் மிகவும் கடினமானது. அதன் மேல் கீறல் போலத் தெரிவதில் பாதி, உரசிய மற்ற வாகனத்தின் பெயின்ட் அல்லது பிளாஸ்டிக். அதைத் தின்னர் நனைத்த துணியால் எடுக்கலாம் (பிளாஸ்டிக் குரோமுக்கும் பக்கத்துப் பெயின்டுக்கும் தின்னர் கூடாது, தார் நீக்கும் திரவம் போதும்). துருப்புள்ளிகளுக்கு, சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, புதுக் கீறல் போடாது. அதன் பிறகு ஆட்டோசோல் போன்ற குரோம் பேஸ்ட்.

நகம் மாட்டும் கீறல் குரோமில் இருந்தால் அது ஏற்கனவே அடியிலுள்ள நிக்கலைத் தொட்டுவிட்டது. தேய்க்கத் தேய்க்க முதலில் இளமஞ்சள் சாயல் தெரியும், அது நிக்கல். இன்னும் போனால் செம்பின் சிவப்போ இரும்போ வரும். மஞ்சள் சாயல் தெரிந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள். அதற்குமேல் பிளேட்டிங் செய்யும் இடத்தில் பழைய பூச்சைக் கழற்றிப் புதிதாகப் போடுவது தவிர வேறு வழியில்லை. மொரிஸ் மைனர் பம்பர் மாதிரியான பழைய இரும்புப் பம்பர்களுக்கு அந்தச் செலவு தகும். பிளாஸ்டிக் கிரிலுக்குத் தகாது, மாற்றிவிடுங்கள்.

அனடைஸ் அலுமினியம் என்றால்

மேலோட்டமான மங்கலுக்கு மட்டும் மிக மென்மையான பெயின்ட் பொலிஷைக் கையால் போடலாம். ஆழமான கீறலை எடுக்கவேண்டுமானால் படலம் முழுவதையும் நீக்கவேண்டும். ஒரு இடத்தில் மட்டும் நீக்கினால் அந்த இடம் வேறு நிறமாக நிரந்தரமாகத் தெரியும்.

கழற்றிய பீடிங்கை ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த பிளாஸ்டிக் தொட்டியில் போட்டால் படலம் கரையும். தண்ணீருக்குள்தான் சோடாவைப் போடவேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெளிவரும் வாயு ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். முதலில் அமைதியாக இருக்கும். குமிழ்கள் திடீரென்று வேகமாகக் கிளம்பினால் படலம் போய்விட்டது, இப்போது அலுமினியமே கரைகிறது என்று பொருள். உடனே எடுத்து நிறையத் தண்ணீரில் அலசி, வினாகிரி கலந்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, மறுபடி அலசுங்கள். மேலே படியும் கறுப்புத் தூள் துடைத்தால் போகும்.

படலம் நீக்கிய அலுமினியம் கடற்காற்றில் சில வாரங்களில் மங்கிவிடும். திரும்ப அனடைஸ் செய்ய ஆள் இருந்தால் ஒழிய இந்த வேலையில் இறங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. கீறலுக்கு மேல் கறுப்பு வைனல் ஸ்டிக்கர் சுற்றிவிடுவது பல சமயம் மேல்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: உண்மையான வேலை இங்கேதான்

முடிந்தால் பீடிங்கைக் கழற்றுங்கள். உலோக ஸ்குரூட்ரைவரால் நெம்பினால் புதிய பள்ளம் விழும், பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்குங்கள். கிளிப் இருக்கும் இடத்துக்கு நேராக வைத்துத் தூக்கவேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவில் தூக்கினால் பட்டி வளையும். வளைந்த பட்டியை மறுபடி நேராக்குவது கீறலை எடுப்பதைவிடச் சிரமம். கழற்ற முடியாவிட்டால் சுற்றியுள்ள பெயின்டிலும் ரப்பரிலும் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று மடிப்பு ஒட்டி, கையால் மட்டும் வேலை செய்யுங்கள். பொலிஷ் ரப்பரில் பட்டால் வெள்ளையாகப் படிந்து இலேசில் போகாது.

நெளிவு இருந்தால் அதை முதலில் பின்பக்கமிருந்து மரக்கட்டைமேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி எடுங்கள். தேய்த்தே நெளிவை மறைக்க முயன்றால் மேட்டுப்பகுதி மெலிந்து ஓட்டை விழும்.

பட்டியை அதன் உட்பள்ளத்துக்குப் பொருந்தும் மரச்சட்டம் ஒன்றின்மேல் பொருத்திக்கொள்ளுங்கள். இப்போது நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டவே இல்லை என்றால் வோட்டர் பேப்பர் வேண்டாம், பேஸ்ட் மட்டும் போதும். இலேசாகத் தட்டுப்பட்டால் 800 இலக்கத்தில் தொடங்குங்கள் (இலக்கம் குறையக் குறையத் தாள் கரடு). நன்றாக மாட்டினால் 400. மிக ஆழமான கோடுக்கு மட்டும் 320. தேவைக்கு மேல் கரடான தாளில் தொடங்கினால், அந்தத் தாள் போட்ட கோடுகளை எடுப்பதே பெரிய வேலையாகிவிடும்.

தேவையானவை: 400, 600, 800, 1000, 1500, 2000 இலக்க வோட்டர் பேப்பர் ஒவ்வொன்றிலும் இரண்டு தாள், சிறு ரப்பர் பிளொக், பெர்மனன்ட் மார்க்கர், பாத்திரம் கழுவும் திரவம். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் இவை எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, வாளித் தண்ணீரில் திரவம் இரண்டு துளி விடுங்கள்.

கீறலின்மேல் மார்க்கரால் கோடு போட்டுவிட்டுத் தேயுங்கள். மேற்பரப்பில் மை சீக்கிரம் போய்விடும், பள்ளத்தில் மட்டும் மெல்லிய கறுப்புக் கோடாக நிற்கும். அந்தக் கோடு அறுந்து, புள்ளிகளாகி, கடைசிப் புள்ளியும் போகும்வரை முதல் தாளிலேயே நில்லுங்கள். இங்கே அவசரப்படுபவர்கள்தான் கடைசியில், கண்ணாடி போல மின்னும் பட்டியில் அதே கீறலை மறுபடி பார்க்கிறார்கள். அடுத்தடுத்த தாள்கள் அதை எடுக்காது, அதன் விளிம்பை மழுக்கும், அவ்வளவுதான்.

விரல் நுனியால் கீறலின்மேல் மட்டும் தேய்க்கவேண்டாம். அங்கே குழி விழும், பொலிஷ் ஏறியதும் வெளிச்சம் அந்த இடத்தில் நெளிந்து காட்டிக்கொடுக்கும். பிளொக்கில் தாளைச் சுற்றி, கீறலுக்கு இரண்டு பக்கமும் நான்கு அங்குலம் வரை பரவலாகத் தேயுங்கள்.

ஒவ்வொரு தாள் மாறும்போதும் திசையையும் மாற்றவேண்டும். 400-ஐ வலப்பக்கம் சாய்த்துத் தேய்த்தால் 600-ஐ இடப்பக்கம் சாய்த்து. அப்போதுதான் பழைய கோடுகள் குறுக்கே தனியாகத் தெரியும். டோர்ச் லைட்டைப் பட்டிக்கு ஒட்டினாற்போல் தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். முந்தைய திசையின் கோடு ஒன்றுகூட இல்லை என்றானதும் அடுத்த தாள். தாள் மாறுமுன் பட்டி, பிளொக், கை எல்லாவற்றையும் அலசி வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 400-இன் ஒரே ஒரு மணல் 1500 தாளுக்கடியில் சிக்கினால் மறுபடி 600-க்குத் திரும்பவேண்டியதுதான். (பட்டி தொழிற்சாலையிலேயே ஒரே திசையில் இழைக் கோடுகளோடு வந்ததென்றால் இது பொருந்தாது. அந்த இழையின் திசையிலேயே தேய்த்து, இழைக்கு ஒத்துவரும் தாளோடு நிறுத்துங்கள். பொலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் பளபளத்துத் தனித்துத் தெரியும்.)

2000 முடிந்ததும் பட்டி சாம்பல் பூத்தாற்போல், ஆனால் எங்கும் ஒரே சீராக இருக்கும். கையால் முடிப்பதானால் ஆட்டோசோலைப் பழைய பருத்திச் சாரத்துணியில் எடுத்து, சிறு பகுதியாக அழுத்தித் தேய்த்து, காயுமுன் சுத்தமான துணியால் துடையுங்கள். இரண்டு மூன்று தடவை செய்யவேண்டிவரும். வெயிலில் செய்தால் பேஸ்ட் உடனே காய்ந்து கறை பிடிக்கும், நிழல் தேவை.

முழுப் பளபளப்புக்கு பவ் வீல் (மோட்டரில் சுழலும் துணிச் சக்கரம்). மேசை மோட்டரில் 6 அங்குலத் துணி வீல், நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவு போதும். கையில் ட்ரில்தான் என்றால் 3 அல்லது 4 அங்குலம். ஆங்கிள் கிறைண்டர் ஏறக்குறைய 11,000 சுற்று ஓடும். அந்த வேகத்துக்கு உரியதல்லாத துணி வீலை அதில் மாட்டுவது உயிராபத்து. ஸ்டெயின்லெஸுக்குப் பச்சைக் கட்டி கொம்பவுண்ட் (வீலில் பூசும் பொலிஷ் கட்டி). நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறலாம், ஆகவே ஸ்டெயின்லெஸுக்கு என்று கேட்டே வாங்குங்கள். ஓடும் வீலில் ஓரிரண்டு விநாடி தொட்டால் போதும். கூடிப்போனால் பட்டியில் கறுப்பு வரியாக ஒட்டும். அப்போது பழைய ஹெக்ஸோ பிளேட்டால் வீலைச் சுரண்டிச் சுத்தப்படுத்துங்கள். ஒரு கொம்பவுண்டுக்கு ஒரு வீல், அலுமினியத்துக்குப் பாவித்த வீலை ஸ்டீலுக்குப் பாவிக்கவேண்டாம்.

வீல் உங்களை நோக்கிக் கீழே சுழலவேண்டும். பட்டியை வீலின் நடுமட்டத்துக்குக் கீழே பிடியுங்கள். வீலின் துணி பட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே ஓடலாம், விளிம்பை எதிர்த்து உள்ளே வரக்கூடாது. எதிர்த்து வந்தால் பட்டியைப் பறித்து எறியும், மெல்லிய ஸ்டெயின்லெஸ் கத்தியாக வெட்டும். கண்ணாடியும் மூக்கு மறைப்பும் அணியுங்கள், தொளதொள கையுறை வேண்டாம், சட்டைக் கையை மடித்துவிடுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறி முதலில் மஞ்சளாகவும் பிறகு நீலமாகவும் மாறும். பட்டியைத் தொட முடியாத சூடு வந்தால் ஆறவிடுங்கள்.

மிஞ்சிய கொம்பவுண்டை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். எந்தக் கட்டத்திலும் சாதாரண ஸ்டீல் வூல் பாவிக்காதீர்கள். அதன் இரும்புத் துகள் மேற்பரப்பில் புதைந்து, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரிக் கடலோர வீதிகளில் சில நாட்களிலேயே துருப்பொட்டு வைக்கும். அதைப் பார்த்துவிட்டு ஸ்டெயின்லெஸ் துருப்பிடித்தது என்பார்கள்.

கடைசியாக கார்னோபா மெழுகு ஒரு பூச்சு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று உப்பை அள்ளிவரும் காலத்தில், மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் வாகனத்துக்கு மாதம் ஒருமுறை மெழுகும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரும் தேவை.

பட்டியைத் திரும்பப் போடுமுன் கிளிப் இருந்த துளைகளைப் பாருங்கள். பெயின்ட் உரிந்திருந்தால் பிரைமர் தொட்டு, காய்ந்தபின் துளி கிரீஸ் வையுங்கள். உடைந்த கிளிப்பைப் பசை போட்டு ஒட்டாமல் புதிது போடுங்கள். ஸ்குரூ வரும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவும் நைலோன் வாஷரும் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உள்ளங்கையால் கிளிப் கிளிப்பாக அழுத்திக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றும் டக்கென்று உட்காரும் சத்தம் கேட்கவேண்டும்.