காரைக்குடி சபையில் எந்தக் காரியத்துக்கு யாரைப் பார்ப்பது?

காரைக்குடிக்கு மாற்றலாகி வந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் சேரப்போகிறீர்களா? முதலில் உபதேசியாரைப் பாருங்கள். சபையின் குருவான ஆயர் பல ஊர்ச் சபைகளைச் சேகரமாகப் பார்ப்பவர், ஓர் ஊரில் திருவிருந்து (அப்பமும் ரசமும்) கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடவேண்டியிருக்கும். வீடு வீடாக வந்து ஜெபிப்பதும், யாருக்குக் காய்ச்சல் என்று தெரிந்துவைத்திருப்பதும் பெரும்பாலும் உபதேசியார்தான். "ஐயா, நாங்க ஊருக்குப் புதுசு" என்றால் போதும்.

கல்யாணம் என்றால் நேரே ஆயரிடம். மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, கோயிலில் வாசிக்க வேண்டும், அதனால் ஒரு மாதத்துக்கு மேலேயே அவகாசம் வைத்துக்கொண்டு ஞானஸ்நானச் சான்றோடு போங்கள். மாப்பிள்ளை வேறு சபையா? அங்கேயும் ஓலை உண்டு.

1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளெல்லாம் இணைந்து சி.எஸ்.ஐ. ஆனபோதும் ஆயர்களுக்கு மேலே பேராயர் (பிஷப்) என்ற முறை நிலைத்தது. பிள்ளைகளை முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் பெரும்பாலும் பேராயர் வரும்போதுதான். காணிக்கை, சந்தா, ரசீது எல்லாம் பொருளாளரிடம்.

அப்புறம், விடியலில் கோயிலைத் திறந்து மணியடிக்கிறவரை மறக்கவே மறக்காதீர்கள். என் மகளின் ஞானஸ்நானம் மார்கழிக் குளிரில். யாரும் சொல்லாமலே அவர் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றி, புறங்கையால் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்குச் சுடும் கந்தரப்பத்தில் முதல் தூக்கு அவர் வீட்டுக்குப் போகட்டும்.