ஹால் சுவரில் படம் மாட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

சேலத்தில் புது வீடு கட்டிக் குடிபோகிறவர்களிடம் ஒரே கதையைத்தான் பார்க்கிறேன். டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் என்று காசெல்லாம் கரைந்திருக்கும். கடைசியில் கிரகப்பிரவேசத்துக்கு வந்த நாலு சுவர்க்கடிகாரமும் ஒரு குதிரைப் படமும் மிஞ்சும். வேலையாள் போகும் முன் ஏழடி உயரத்தில் ஒரு ஆணி அடித்துவிட்டுப் போவார். குதிரை அங்கே ஏறிவிடும், அதை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை.

தாத்தா காலத்து வீடுகளிலும் படங்கள் உயரத்தில்தான் இருந்தன. ஆனால் அவை முன்பக்கம் சாய்ந்து தொங்கின. கீழே பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு முகம் தெரியும், கண்ணாடியில் வெளிச்சமும் அடிக்காது. இன்று சாய்வு போய்விட்டது, நாமும் சோபாவுக்கு வந்துவிட்டோம். ஆணியின் உயரம் மட்டும் மாறவே இல்லை.

1. சுவரைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு சுவர் போதும். வாசலில் நுழைந்ததும் கண் எங்கே போய் நிற்கிறதோ அந்தச் சுவர். பெரும்பாலும் அது சோபாவுக்குப் பின்சுவராகத்தான் இருக்கும். டிவி இருக்கும் சுவரை விட்டுவிடுங்கள், டிவியோடு போட்டி போட்டு எந்தப் படமும் ஜெயித்ததில்லை. மேற்கு ஜன்னல் வழியாகப் பிற்பகல் வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். நம்மூர் வெயிலுக்கு நீர்வண்ண ஓவியமும் போட்டோவும் சில வருஷங்களிலேயே வெளுத்துவிடும்.

2. எந்தப் படம்?

சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகப் படம் தேடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் பிடித்த படத்தை முடிவு செய்யுங்கள். அதில் மூலையில் கொஞ்சமாக இருக்கும் ஒரு நிறத்தை எடுத்துக் குஷன் உறைக்கோ திரைச்சீலைக்கோ கொடுங்கள். அறை தானாகப் படத்தோடு சேர்ந்துகொள்ளும்.

விலை கொடுத்து ஓவியம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 1935இல் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. காலை வெளிச்சத்தில் நீங்களே ஒரு கருப்புவெள்ளைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது துணி. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்ற நெசவு. உங்கள் அப்பாவின் கல்யாண அங்கவஸ்திரம் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தால் வெளியே எடுங்கள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். கரையும் உடலும் சேர்ந்து தெரிகிற மாதிரி விரித்து, அடர்நிறப் பருத்தித்துணி சுற்றிய அட்டையில் வைத்து, மெல்லிய ஊசியால் ஓரங்களில் தைத்துவிடுங்கள். பசை வேண்டவே வேண்டாம். கறை படிந்தால் போகாது.

3. சட்டம்

இங்கே நான் ஒரு முறை சூடுபட்டேன். ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்கு ஒரு நீர்வண்ண ஓவியம் கொடுத்தேன். கண்ணாடியைத் தாளோடு ஒட்டினாற்போல் வைத்துச் சட்டம் போட்டிருந்தார்கள், நானும் கவனிக்கவில்லை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பனியும் மழையும் ஈரமும். இரண்டாம் மழைக்காலத்தில் மேகம் இருந்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. பூஞ்சை.

அதனால் கடைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, படத்தைச் சுற்றி இரண்டு, மூன்று அங்குல அகலத்தில் மவுண்ட் அட்டை வேண்டும். பார்க்க அழகு என்பதோடு, கண்ணாடி தாளைத் தொடாமலும் அது தடுக்கும். இரண்டு, பின்பக்கக் கீழ்மூலைகளில் கார்க் துண்டு வேண்டும், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும். மலைமேல் வீடு என்றால், மழை நேராக அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

4. செய்தித்தாள் ஒத்திகை

படத்தின் அகலம் சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆறடி சோபாவுக்கு நாலடி. அவ்வளவு பெரிய படம் இல்லையா? 22 அங்குல அகலத்தில் இரண்டு படங்கள், நடுவே 3 அங்குல இடைவெளி. மொத்தம் 47 அங்குலம், சரியாக வந்துவிடும்.

சட்டத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் அப்படியே இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். பரவாயில்லை, தாளை நகர்த்தலாம், ஓட்டையை நகர்த்த முடியாது.

5. உயரக் கணக்கு

வெறும் சுவர் என்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கட்டும். நிற்பவரின் கண்மட்டம் அதுதான். சோபாவுக்கு மேலே என்றால் வேறு கணக்கு: சோபா முதுகுக்கும் சட்டத்தின் அடிக்கும் 6 முதல் 8 அங்குல இடைவெளி. அதற்கு மேல் போனால் படம் சோபாவை விட்டுப் பிரிந்து தனியாக மிதக்கும்.

சோபா முதுகு 34 அங்குலம், இடைவெளி 8, படத்தின் உயரம் 24. மேல்விளிம்பு 66 அங்குலத்தில் வரும். பின்பக்கக் கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்தால் அது மேல்விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது என்று வையுங்கள். அப்படியானால் ஸ்குரு 63 அங்குலத்தில். இந்த 3 அங்குலத்தைக் கழிக்க மறந்துதான் பலர் இரண்டாவது ஓட்டை போடுகிறார்கள்.

6. ஓட்டை

ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் வைக்காதீர்கள். சுவருக்குள் வயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். மற்ற இடத்தில் 6 மி.மீ. பிட் போதும். பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போகிற மாதிரி ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் துளைத்து, ஸ்குருவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டிச் செருகி ஸ்குருவை முடுக்குங்கள். ஓட்டைக்குக் கீழே ஒரு பழைய கவரை விரித்து ஒட்டினால் தூசி சோபாவில் விழாது. கனமான படத்துக்கு இரண்டு ஸ்குரு.

7. வெளிச்சம்

நடு டியூப்லைட்டை மட்டும் நம்பினால் கண்ணாடியில் டியூப்லைட்தான் தெரியும். சீலிங்கிலிருந்து சாய்வாக விழும் மஞ்சள் வெளிச்ச எல்இடி ஒன்று போதும். படத்தை மாட்டிய பிறகு சோபாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்து விளக்கின் சாய்வைச் சரிசெய்யுங்கள். நம் வீட்டில் பாதிப் பேர் இன்னும் தரையில்தான் உட்காருகிறார்கள்.

ஒரு வாரம் கழித்து, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கம்பி இழுபட்டு ஒரு பக்கம் லேசாக இறங்கியிருக்கும். கையால் நேராக்கினால் போதும், ஓட்டையைத் தொட வேண்டாம்.