வாட்டர் கூலிங் தண்ணீரில் எதையெல்லாம் கலக்கக் கூடாது?

சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மாடி அறையில் உட்கார்ந்து கேம் ஆடினால் கம்ப்யூட்டர் கொதிக்கத்தான் செய்யும். குழாயில் தண்ணீரை ஓடவிட்டு கம்ப்யூட்டரின் சூட்டை இறக்கும் வாட்டர் கூலிங் போட்டிருப்பவர்கள் உடனே தேடுவது, தண்ணீரில் ஊற்றினால் சூட்டைக் குறைக்கும் ஏதாவது ஒரு மருந்தை. முதல் தவறே இதுதான். தண்ணீரில் கலக்கும் அடிட்டிவ் எதுவும் குளிர வைப்பதற்கானது இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4.18 கிலோஜூல் வேண்டும். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர் அவ்வளவு கெட்டி. தண்ணீர் உறையாமலிருக்கக் கலக்கும் கிளைக்கால் சேரச் சேர அந்தத் திறன் குறையத்தான் செய்யும். அறை 38 டிகிரியில் இருந்தால், எதை ஊற்றினாலும் லூப்புக்குள், அதாவது தண்ணீர் சுற்றிவரும் பாதைக்குள், ஓடும் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. உலோகம் அரிக்காமல் பார்ப்பது, பாசி பிடிக்காமல் பார்ப்பது, இந்த இரண்டுக்கும்தான் அடிட்டிவ்.

அடுத்தது தண்ணீர். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ஆனால் லூப்புக்கு ஆகாது. போர் தண்ணீர் புழங்கும் வீட்டில் ஹீட்டர் காயிலைப் பாருங்கள், உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் உலோக பிளாக்குக்குள் இருக்கும் இடுக்குகள் மயிரிழை போல மெல்லியவை, அங்கே அதே உப்பு படிந்தால் அடைப்புதான். ஆர்ஓ கேன் தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு உண்டு. இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள். கடையில் ஆசிட் கலந்ததைக் கொடுத்துவிடாமல் லேபிளைப் படித்து வாங்க வேண்டும்.

நிறைய பேர் கோட்டை விடுவது உலோகத்தில்தான். செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செம்பு பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே தண்ணீரில் இணைத்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். அரிப்புத் தடுப்பான் இதைத் தள்ளிப்போடும், முழுசாக நிறுத்தாது. அதனால் பாகங்களை வாங்கும்போதே செம்பு, பித்தளை, நிக்கல் என்று ஒரு பக்கமாக நின்றுவிடுங்கள். செம்புக்கு பென்சோட்ரையசோல் உள்ள தடுப்பான் நல்லது.

பாசிக்கு மயில்துத்தம் போடலாம் என்பார்கள். காப்பர் சல்பேட்டைத்தான் அப்படிச் சொல்கிறோம். பாசியைக் கொல்லும், சரி. அலுமினியம் இருக்கும் லூப்பில் அதைப் போட்டால் செம்பு அலுமினியத்தின் மேல் படிந்து அரிப்பு இன்னும் வேகமாகும். நிக்கல் பூச்சு இருந்தால் மயில்துத்தத்தையும், பாசிக்காகப் போடும் வெள்ளிச் சுருளையும் தவிர்ப்பதே நல்லது.

கார் கூலன்ட் வேண்டவே வேண்டாம். மார்கழியில்கூட நமக்கு உறைபனி கிடையாது, அப்புறம் எதற்கு உறைதடுப்பான்? பெரும்பாலும் அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். விஷம், ஆனால் தித்திக்கும். கசிந்து தரையில் சொட்டினால் குழந்தையோ நாயோ நாக்கை வைத்துவிடக்கூடும். கிளைக்கால் அவசியமென்றால் புரோப்பிலீன் கிளைக்கால் எடுங்கள், பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தால் எவ்வளவு கலக்கலாம் என்று குழாய் தயாரித்தவர் சொல்வதையும் பாருங்கள்.

வெள்ளை கலந்த பால் போன்ற கலர் கூலன்ட் கண்ணுக்கு அழகுதான். ஆனால் அதில் மிதப்பது நுண்துகள், காலப்போக்கில் அடியில் தங்கி பிளாக்கை அடைக்கும். தெளிந்த திரவமே எனக்குப் பிடிக்கும். ஏற்கெனவே ஓடும் ஒரு கம்பெனித் திரவத்தில் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்; இரண்டும் சேர்ந்து திரளலாம். மாற்றுவதென்றால் முழுதும் வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு ஊற்றுங்கள். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்குவதைப் போல வினிகர் ஊற்றி விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அமிலம் உள்ளே தங்கினால் நிக்கல் பூச்சே போய்விடும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் அக்ரிலிக் டேங்க் மயிரிழையாக வெடிக்கும்.

எல்லா பாகமும் ஒன்றாகச் சேர்த்து மூடியே வரும் ஏஐஓ (AIO) கூலர் வாங்கியிருந்தால் இதில் எதுவுமே வேண்டாம். தடுப்பான் சேர்த்த திரவம் தொழிற்சாலையிலேயே நிரப்பப்பட்டுவிடுகிறது, திறக்காதீர்கள்.