ஃபிலிம் கேமரா, பழைய லென்ஸ்: அடிமாட்டு விலைக்கு வாங்குவது எப்படி?

பழைய கேமராவின் விலையைக் கீழே தள்ளுபவை மூன்று. விற்பவருக்குத் தன் கையில் இருப்பது என்னவென்றே தெரியாதது, பொருளின் பெயருக்கு மவுசு இல்லாதது, விளம்பரத்தில் ‘பழுது’ என்று எழுதியிருப்பது. முதலாவது அமைந்தால் அதிர்ஷ்டம். மற்ற இரண்டையும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். இந்தப் பதிவு அவற்றைப் பற்றித்தான். அப்பெர்ச்சர், ஷட்டர் வேகம், மவுண்ட் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: நிஜ விலையைக் கண்டுபிடியுங்கள்

விற்பனைக்கு நிற்பவற்றின் விலையைப் பார்க்காதீர்கள். அது விற்பவரின் ஆசை. இபே போன்ற தளங்களில் ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியைப் போட்டு, அதே மாடல் கடைசியாக விற்ற 10 விலைகளை எழுதுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு அடித்துவிட்டு, மீதியின் நடுவிலையை எடுங்கள். இயங்குவதாகச் சோதித்தவை மட்டும்தான் இந்தக் கணக்கில் வரவேண்டும்.

அந்த விலை 100 என்றால், ‘சோதிக்கப்படவில்லை’ என்று போட்டிருக்கும் கேமராவுக்கு என் உச்ச வரம்பு 40. தபால் செலவும் சுங்க வரியும் அதற்குள் அடக்கம். மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) ஒன்றைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, வேகங்களைச் சரிசெய்யும் கூலி பல மாடல்களில் கேமரா விலையையே தாண்டிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். இன்னொன்று: ‘சோதிக்கப்படவில்லை’ என்றால் பேட்டரி கையில் இல்லை என்றும் பொருள் இருக்கலாம், சோதித்தேன் ஓடவில்லை என்றும் இருக்கலாம். அதே ஆள் மற்ற கேமராக்களைச் ‘சோதித்தது’ என்று விற்றிருந்தால் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிரபலத்தை விட்டுப் பங்காளியைப் பிடியுங்கள்

ஒரே குடும்பத்தில் ஒரு மாடல் மட்டும் பெயர் வாங்கி, ஆனை விலை குதிரை விலை விற்கும். பக்கத்தில் இருக்கும் பங்காளியை யாரும் சீண்டமாட்டார்கள்.

1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000ஐ எல்லோரும் தேடுகிறார்கள். அதன் அண்ணன் கேஎம்மில் செல்ஃப் டைமரும் டெப்த் பிரிவியூவும் (எடுக்கும் முன்பே அப்பெர்ச்சரை மூடிப் பார்க்கும் வசதி) கூடுதலாக உண்டு. அப்படியும் பலமுறை குறைந்த விலைக்கே போகிறது. அதே கே மவுண்டில் ரிக்கோ கேஆர்-5 இன்னும் மலிவு, வேகம் மட்டும் 1/500உடன் நின்றுவிடும். கேனான் ஏஇ-1க்குப் பதில் ஏடி-1 அல்லது ஏவி-1. முதலாவது முழுக்க மேனுவல். இரண்டாவதில் அப்பெர்ச்சரை மட்டும் நீங்கள் வைக்கலாம், மேனுவலே கிடையாது. மினோல்டா எக்ஸ்-700 என்று தேடுகிறவர்கள் எக்ஸ்-300ஐயும் பாருங்கள். நிக்கான் எஃப்எம்முக்குப் பதில் நிக்கோர்மேட்: கனம் அதிகம், விலை குறைவு. ரேஞ்ச்ஃபைண்டரில் கேனானெட் க்யூஎல்17 ஜி-III கைக்கு எட்டாவிட்டால், எஃப்/1.9 லென்ஸோடு வரும் க்யூஎல்19 ஜி-III இருக்கிறது.

லென்ஸிலும் இதே கதைதான். பென்டாக்ஸின் சூப்பர் டாகுமார் 55 மி.மீ. எஃப்/2 என்பது எஃப்/1.8இன் அதே கண்ணாடி அமைப்பு. உள்ளே ஒரு வளையத்தைப் போட்டு வாயைச் சற்றுக் குறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 135 மி.மீ. எஃப்/2.8, எஃப்/3.5 லென்ஸ்களை அந்தக் காலத்தில் எல்லா நிறுவனமும் ஏராளமாகச் செய்துதள்ளின, இன்று கேட்பார் குறைவு. சல்லிசாக நல்ல போர்ட்ரெய்ட் லென்ஸ் வேண்டும் என்றால் என் முதல் பரிந்துரை இதுதான். நிக்கான் சீரிஸ் இ வரிசையை ‘பிளாஸ்டிக்’ என்று ஒதுக்குவார்கள். அதன் 100 மி.மீ. எஃப்/2.8ஐ நான் ஒதுக்கமாட்டேன்.

கடைப் பெயரில் வந்தவையும் உண்டு. ரெவ்யூநான், போர்ஸ்ட், சியர்ஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸ்களைச் செய்தது வேறு தொழிற்சாலைகள். விவிட்டார் லென்ஸில் வரிசை எண்ணின் முதல் இலக்கங்களைப் பாருங்கள்: 22 என்றால் கிரோன், 28 என்றால் கோமினே, 37 என்றால் டோகினா. 22, 28 இரண்டும் நம்பி வாங்கக்கூடியவை.

தனியாக விற்கும் லென்ஸை விட, பழுதான பாடியோடு சேர்த்து விற்கும் லென்ஸ் பெரும்பாலும் மலிவு. ஹீலியோஸ் 44-2 வேண்டுமா? ஜெனிட் கேமராவைத் தேடுங்கள். ஹெக்சனான் 40 மி.மீ. எஃப்/1.8 வேண்டுமா? கோனிகா எஸ்எல்ஆர்களைத் தேடுங்கள்.

படி 3: விற்பவரின் சொற்களில் தேடுங்கள்

விவரம் தெரிந்தவர் மாடல் பெயரை முழுதாக எழுதுவார், அதற்கேற்ற விலையையும் போடுவார். உங்களுக்கு வேண்டியவர் ‘பழைய கேமரா பையோடு’, ‘தாத்தாவின் கேமரா’, ‘35 மி.மீ. கேமரா லென்ஸ்கள்’ என்று எழுதுகிறவர். எழுத்துப் பிழையோடும் தேடுங்கள். கேனானுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டியும், மினோல்டாவில் ஓர் எழுத்தை மாற்றியும் போட்டால் மற்றவர்கள் கண்ணில் படாதவை வரும். இந்தத் தேடல்களைச் சேமித்து அறிவிப்பு வையுங்கள், வரிசையைப் ‘புதியது முதலில்’ என்று மாற்றுங்கள். பை நிறைய வரும் பொருள்களில் லென்ஸின் முன்வளையம் தெரியும் படத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். தலைப்பில் இல்லாத லென்ஸ் அங்கே இருக்கும்.

படி 4: பழுதல்லாத பழுதுகள்

நல்ல பேரம் அதிகம் கிடைப்பது இங்கேதான். கீழே உள்ளவற்றை விற்பவர்கள் பழுது என்று எழுதி விலையை இறக்குகிறார்கள்.

‘அப்பெர்ச்சர் அசையவில்லை’: எம்42 என்ற திருகு மவுண்ட் லென்ஸ்கள் பலவற்றில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சிறு பொத்தான் உண்டு. ஆட்டோவில் இருந்தால், வளையத்தை எவ்வளவு திருப்பினாலும், பின்னால் உள்ள ஊசியை அழுத்தாதவரை பிளேடுகள் மூடாது. அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பொத்தானை மேனுவலுக்குத் தள்ளி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். கேனான் எஃப்டி லென்ஸும் பாடியில் பூட்டாமல் இருக்கும்போது இதேபோல் சும்மா இருக்கும்.

‘ஷட்டர் சிக்கிவிட்டது’: ஏஇ-1க்கு 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் ஷட்டர் விழாது, ஃபிலிம் சுற்றும் நெம்புகோலும் நகராது. ஒலிம்பஸ் ஓஎம்-10இல் பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருக்கும் மிரர் (வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பும் கண்ணாடி) மேலே போய் நின்றுவிடும். டயலை ‘பி’க்குத் திருப்பினால் இறங்கும். ஒலிம்பஸ் டிரிப் 35 இன்னும் வேடிக்கை. லென்ஸ் மூடியை எடுக்காமலோ இருட்டு அறையிலோ அமுக்கினால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் விழாது. வேண்டுமென்றே அமைத்த பூட்டு அது. சொல்லப்போனால், சிவப்புக் கொடி இருட்டில் வருவதும் வெளிச்சத்தில் வராததும் அதன் செலினியம் மீட்டர் (ஒளியை அளக்கும் பகுதி) உயிரோடு இருப்பதற்கான சான்று.

‘கறுப்பாக ஒட்டுகிறது’: பின்கதவு ஓரத்திலும் மிரருக்கு மேலும் உள்ள நுரைப்பட்டை உருகியிருக்கிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துச் சுரண்டி எடுத்து, 1.5 அல்லது 2 மி.மீ. பட்டையை வெட்டி ஒட்டினால் தீர்ந்தது. ஷட்டர் திரையில் ஆல்கஹால் படக்கூடாது. ஒலிம்பஸ் ஓஎம்-1 ஒரு விதிவிலக்கு. அதில் பென்டாபிரிசத்தின் (வியூஃபைண்டருக்கு மேலுள்ள கண்ணாடிக் கட்டி) மேலிருந்த நுரை உருகி வெள்ளிப்பூச்சைத் தின்றிருக்கும். வியூஃபைண்டரில் கருந்திட்டாகத் தெரியும். படத்தில் விழாது, ஆனால் மாற்றுவது எளிதல்ல.

‘லென்ஸ் மஞ்சள்’: டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. காலப்போக்கில் தேன் நிறமாகிவிடும். யுவி எல்இடி விளக்கடியில் சில நாட்கள் வைத்தால் நிறம் பெருமளவு இறங்கும். வெயிலிலும் நடக்கும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். லென்ஸ் வெயிலைக் குவித்து எதையாவது பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளவும். கதிரியக்கம் மிகக் குறைவு. கண்ணோடு ஒட்டி உருப்பெருக்கியாகப் பயன்படுத்தாதீர்கள், கண்ணாடியைத் தேய்க்காதீர்கள், அது போதும்.

‘அமுக்கினால் கீச்சென்கிறது’: கேனான் ஏ வரிசையின் நோய். மிரர் இயக்கத்தில் எண்ணெய் வற்றியிருக்கிறது. சரியான இடத்தில் ஊசிவழியே ஒரு துளி எண்ணெய் போதும். நான்கைந்து துளி விட்டால் அது ஷட்டருக்குப் போய்ச் சேரும்.

படி 5: டார்ச் அடித்துப் பாருங்கள், அடித்ததும் பயந்துவிடாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கே. வெள்ளைப் பின்னணியில் எடுத்த படங்களில் எந்த லென்ஸும் பளிங்குபோல் தெரியும். டார்ச் அடித்த படத்தில் எந்த லென்ஸும் குப்பையாகத் தெரியும். இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சற்றுச் சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள். பிறகு திருப்பிப் பிடித்துப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் தூசி; கண்டுகொள்ள வேண்டாம். சிலந்தி நூல் அல்லது கிளை விடும் வேர்போல் இருந்தால் பூஞ்சை. முழுப் பரப்பிலும் பால் ஊற்றியதுபோல் சீரான படலம் என்றால் ஹேஸ். ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறைபோல் தெரிந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போகிறது.

இப்போது டார்ச்சை அணைத்து, வெளிச்சமான ஜன்னல் பக்கம் லென்ஸைப் பிடியுங்கள். டார்ச்சில் மட்டும் தெரிந்த மெல்லிய பூஞ்சை சாதாரணப் படத்தில் அநேகமாகத் தெரியாது. ஹேஸ் அப்படியல்ல. கண்ணுக்கு லேசாகத் தெரிந்தாலே, எதிரே வெளிச்சம் இருந்தால் படம் முழுக்கக் கான்ட்ராஸ்ட் செத்துப்போகும். விற்பவர்கள் பூஞ்சையைச் சொல்வார்கள், ஹேஸைச் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கே தெரிவதில்லை. அதனால் டார்ச் அடித்த படம் ஒன்றைக் கேட்டு வாங்காமல் லென்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.

முன் கண்ணாடியில் ஓரிரு மெல்லிய கீறல் பரவாயில்லை. பின் கண்ணாடியில் கீறல் என்றால் விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்த 50 மி.மீ. லென்ஸ் நல்ல விலைக்கு வந்தால் நான் யோசிப்பேன், அதன் முன், பின் குழுக்களைக் கழற்றுவது சுலபம். பூஞ்சை பிடித்த ஜூம் இலவசமாக வந்தாலும் வேண்டாம். பிளேடில் எண்ணெய் இருந்தால் எஸ்எல்ஆரில் அப்பெர்ச்சர் மெதுவாக மூடிப் படம் வெளுக்கும். மிரர்லெஸ் (மிரர் இல்லாத டிஜிட்டல்) கேமராவில் அடாப்டரோடு (வேறு மவுண்ட் லென்ஸை மாட்டும் வளையம்) கையால் மூடி எடுப்பவருக்கு அது தொந்தரவே இல்லை. பேரம் பேச நல்ல இடம்.

படி 6: பாடியைச் சோதிப்பது

பேட்டரி அறையைத் திறந்த படம் கேளுங்கள். பச்சைத் தூளை வினிகர் தொட்ட குச்சியால் துடைக்கலாம், ஆனால் உப்பு கம்பிவழியே உள்ளே ஏறியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. மீட்டர் தேவைப்படாதவர் மெக்கானிக்கல் பாடியாகப் பார்த்து வாங்கினால் இந்தக் கவலை பாதி போகும்.

கையில் கிடைத்ததும், ஃபிலிம் போடாமல், லென்ஸைக் கழற்றிப் பின்கதவைத் திறந்து, விளக்குக்கு எதிரே பிடித்து போனில் வினாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் எடுங்கள். ஷட்டர் திறப்பின் நடுப்புள்ளியில் வெளிச்சம் வீடியோவில் எத்தனை பிரேம் நிற்கிறது என்று எண்ணுங்கள். 1 வினாடி என்றால் 240, 1/15க்கு 16, 1/30க்கு 8, 1/60க்கு 4. கால்பங்கு கூடக் குறைய இருந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப்தான்; நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிக்கொள்ளும். 1/1000ஐ இப்படி எண்ண முடியாது. வெள்ளைத் திரை முன்னால் அமுக்கி, இரு ஓரமும் ஒரேபோல் ஒளிர்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஷட்டர் துணித்திரை என்றால் டார்ச் அடித்து ஊசித்துளை தேடவும்.

நிஜப் பழுதுகளில் எக்ஸ்-700இன் கெபாசிட்டரைச் சொல்லியாக வேண்டும்: ஃபிலிம் நெம்புகோல் சுற்றும், ஆனால் ஷட்டர் விழாது. சால்டரிங் தெரிந்தவருக்கு மலிவான வேலை, தெரியாதவருக்குக் காகித எடைக்கல்.

படி 7: ஏலம்

படி 1இல் வந்த உச்ச வரம்பை எழுதி வையுங்கள். கடைசி 5 முதல் 8 வினாடிக்குள் ஒரே ஒருமுறை அதைப் போடுங்கள். முன்னாலேயே போட்டால் விலையை நீங்களே ஏற்றிவிடுகிறீர்கள்.

பின்னர் சேர்த்தது: அடாப்டர், பேட்டரி

‘லென்ஸ் மலிவாகக் கிடைத்தது, அடாப்டரில் மாட்டினால் தூரத்தில் ஃபோகஸ் ஆகவில்லை’ என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரம்தான் காரணம். கோனிகா ஏஆர் 40.5 மி.மீ., கேனான் எஃப்டி 42, மினோல்டா எம்டி 43.5, எம்42ம் பென்டாக்ஸ் கேவும் 45.46, ஒலிம்பஸ் ஓஎம் 46, நிக்கான் எஃப் 46.5. லென்ஸின் எண் உங்கள் கேமராவின் எண்ணை விடப் பெரியதாக இருக்க வேண்டும். கேனான் இஎஃப் 44 என்பதால் எஃப்டி லென்ஸ் அதில் அடாப்டருக்குள் கூடுதல் லென்ஸ் கண்ணாடி இல்லாமல் தூரத்துக்கு ஃபோகஸ் ஆகாது. மிரர்லெஸ் பெரும்பாலும் 20ஐ ஒட்டியோ கீழேயோ இருப்பதால் இவை எல்லாமே பொருந்தும்.

ரிக்கோவின் ரிகெனான் பி லென்ஸ்களில் ஒரு கூடுதல் முள் உண்டு. பென்டாக்ஸ் ஆட்டோஃபோகஸ் பாடியில் மாட்டினால் சிக்கிக்கொண்டு வராது. மாட்டுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்த கேமராக்களில் 1.5 வோல்ட் ஆல்கலைனைப் போட்டால் மீட்டர் தப்பாகக் காட்டும். காதுகேட்கும் கருவிக்கான 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், ஒரு ரப்பர் வளையம் சுற்றி உள்ளே வைத்தால் போதும், சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் பிரிட்ஜ் சர்க்யூட் (வோல்ட் மாறினாலும் மீட்டர் தப்பாகக் காட்டாத அமைப்பு) இருப்பதால் அதற்கு இந்தத் தலைவலி இல்லை, அளவில் பொருந்தும் சில்வர் ஆக்சைடே போதும்.